வண்டிச் சாவியில் கட்டிய ஒயர்

போன வாரம் மகள் ஸ்கூட்டர் வாங்கினாள். மஞ்சக்குப்பத்து ஷோரூமில் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் முடிந்த பிறகு நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அங்கிருந்த பெண் சிரித்தாள். "இதுக்கு சாவியே கெடையாது சார். பட்டன அமுக்குனா போதும்."

மகளுக்கு வெட்கமாகிவிட்டது. "எங்கப்பாவுக்கு சாவி இல்லன்னா சோறு எறங்காது" என்றாள். பொய்யில்லை. என் சட்டைப்பையில் ஒரு செத்த சாவி எப்போதும் கிடக்கும். அதற்குரிய வண்டி காயலான் கடைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. சாவி வளையத்தில் ஒரு முழம் சிவப்பு ஒயர் சுற்றியிருக்கும்.

அது செபஸ்தியானுடைய சாவி. இருவரும் கடலூரில் ஒரு லிப்ட் கம்பெனியில் மெக்கானிக்குகளாக இருந்தோம். நான் திட்டக்குடிப் பக்கம் கரும்பு போட்ட குடும்பத்தில் வந்தவன். அவன் முதுநகர்க்காரன், அவன் வீட்டில் முதன்முதலாக ஐ.டி.ஐ. முடித்தவன். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த அன்றே மச்சான் ஆகிவிட்டோம்.

அந்தக் காலத்து லிப்டின் மூளை மொட்டை மாடி அறையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். உள்ளே வரிசையாக ரிலேக்கள், மின்சாரத்தில் தானாகவே விழுந்து எழும் சின்னச் சுவிட்சுகள். லிப்ட் கிளம்பினால் டக் டக்கென்று ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். எது அடிக்கவில்லை என்று காதால் கேட்டே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். வீட்டில் மிக்சி நின்றுபோனால் இவருக்கு ஒன்றும் தெரியாது என்பது என் மனைவியின் வாக்குமூலம். ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகினால் ஒரு வாடை வரும் பாருங்கள், இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் ஏறினால் சாப்பாடு பிடிக்காது. செம்மங்குப்பம் பக்கம் கெமிக்கல் பேக்டரி ஒன்றில் ஒரு சரக்கு லிப்ட் பார்த்தோம். அங்கே காற்றுக்கே செம்பு முனைகள் கறுத்துப்போகும். தேய்க்க உப்புத்தாள் இல்லாமல் போகமாட்டோம்.

ஆனால் கோளாறு பெரும்பாலும் கதவில்தான். எல்லா மாடிக் கதவும் சரியாக மூடினால்தான் லிப்ட் நகரும். எந்தக் கதவு சண்டித்தனம் செய்கிறது என்று தெரிய, பெட்டியில் ஒவ்வொரு கதவுக்கும் உள்ள இரண்டு முனைகளைத் துண்டு ஒயரால் இணைத்துப் பார்ப்போம். ரிலே அடித்தால் அந்தக் கதவுதான். பிறகு ஒயரைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால், அந்தக் கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாக நினைத்து லிப்ட் ஓடும்.

செபஸ்தியான் ஒருமுறை மறந்தான். சிதம்பரத்திலிருந்து ஆலப்பாக்கம் வரை வந்தவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே ஒயரை வண்டிச் சாவியோடு முடிந்துவிட்டான். "இனிமே இதக் கழட்டாம வூட்டுக்குப் போவ முடியாது மச்சான். வண்டிய தள்ளிகிட்டுத்தான் போவணும்." நானும் அப்படியே கட்டிக்கொண்டேன். கம்பெனியில் எங்களைக் கேலி செய்யாதவர் இல்லை.

சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ். உள்கதவே இல்லாத பழைய லிப்ட். அறைகளைக் கூட்டி, படுக்கை விரிப்பு மாற்றுகிற வசந்தாக்கா எங்களைக் கண்டால் விடமாட்டார். "லிப்டு ரிப்பேருன்னா என் முட்டியும் ரிப்பேருடா தம்பி. சீக்கிரம் பாருங்க." தான் மாடியில் வேலை செய்யும்போது லிப்டை வேறு யாரும் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, கதவைத் திறந்து ஒரு வாளியை முட்டுக்கொடுப்பார். கதவு திறந்திருந்தால் லிப்ட் போகாது என்பது அந்த லாட்ஜில் எல்லோருக்கும் தெரியும்.

அடைமழையில் ஒரு நாள் அந்த லிப்ட் நின்றது. சாலையெல்லாம் தண்ணீர் என்பதால் செபஸ்தியான் பஸ்ஸில் போனான். சாவி, ஒயரோடு வீட்டு ஆணியில் தொங்கியது. அங்கே கிடைத்த ஒரு மஞ்சள் ஒயரைப் போட்டுப் பார்த்து, இரண்டாம் மாடிக் கதவு என்று கண்டுபிடித்து, பூட்டைச் சரிசெய்தான். ஓட்டிப் பார்த்தான். அருமையாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? வசந்தாக்கா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வண்டிக்குப் போகிறவன் சாவியைத் தேடுவான். பஸ்ஸுக்குப் போகிறவன் எதைத் தேடுவான்?

மறுநாள் காலை வசந்தாக்கா இரண்டாம் மாடியில் வாளியை வைத்துவிட்டு அழுக்கு விரிப்புகளை அள்ளப் போனார். மேலே யாரோ பட்டனை அழுத்த, திறந்த கதவோடு லிப்ட் போய்விட்டது. முகம் மறைய விரிப்புகளை அணைத்துக்கொண்டு வந்தவர், லிப்ட் நிற்கிறது என்ற நம்பிக்கையில் காலை எடுத்து வைத்துவிட்டார்.

என்ன கோளாறு என்று பார்க்கச் சொல்லிக் கம்பெனி என்னை அனுப்பியது. செபஸ்தியானும் என் வண்டியில் ஏறிக்கொண்டான். "ஏதோ ரிலே ஒட்டிகிட்டு இருக்கும்டா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ரிலே ஒட்டியிருந்தால் பழி இயந்திரத்தோடு போகும். என் வாழ்க்கையில் ஒரு கோளாறுக்காக வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். இரண்டாம் மாடியில் வாளி வைத்த இடத்திலேயே இருந்தது. பாதிக்குச் சோப்புத் தண்ணீர்.

பெட்டியைத் திறந்து வேண்டுமென்றே ரிலேக்களை முதலில் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன. அப்புறம்தான் முனைகளைப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு மஞ்சள் ஒயர். போலீஸ்காரர் இன்னும் படியேறிக்கொண்டிருந்தார். என் கை தானாக அதை நோக்கிப் போனது.

"தொடாத மச்சான். இருக்கட்டும். அவுங்க பாக்கட்டும்."

சாதாரணக் குரலில்தான் சொன்னான். பிறகு படிப்பக்கம் திரும்பி, "சார், இங்க வாங்க. நான்தான் வச்சேன்" என்றான். எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. காப்பாற்ற விடமாட்டேன் என்கிறானே என்று.

வசந்தாக்கா இறந்த வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. வேலையை விட்டுவிட்டு முதுநகரில் ஐஸ் கம்பெனிக்குப் போனான். திருப்புளியைக் கையால் தொடவில்லை. சாவியை என்னிடம் கொடுத்து, "நீ வச்சிக்க" என்றான். கடைசியில் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் மூன்று மாடி நடந்தேதான் ஏறினான். கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான்காம் நாள் அவனை நாங்கள் லிப்டில்தான் இறக்கினோம்.

அந்த லாட்ஜை இடித்துவிட்டார்கள். ரிலே சத்தம் எங்கேயும் கேட்பதில்லை. இப்போது வரும் பெட்டிகளில் ஒயரைக் கழற்ற மறந்தால் லிப்டே கண்டுபிடித்து நகரமாட்டேன் என்று நின்றுவிடுகிறதாம். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்.

மகள் பட்டனை அழுத்தினாள். ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் கிளம்பியது. பின்னால் உட்கார்ந்து பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். செபஸ்தியான் இருந்திருந்தால் அந்த ஷோரூம் பெண்ணிடம் முதலில் இதைத்தான் கேட்டிருப்பான்: "அப்போ ஒயர எதுலம்மா கட்டுறது?"