பதில் சொல்லாத கம்ப்யூட்டர்

எங்கள் நூல் மில் அலுவலகம் இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தது. நெட்வொர்க்கைக் கண்காணிக்கப் புதிதாக வாங்கிய சாஃப்ட்வேரில், ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்லாவிட்டால் மணி அடிக்க வேண்டுமா, சேவல் கூவ வேண்டுமா?

காலை முழுக்க விவாதம். சேவல் வென்றது.

எங்களிடம் கம்ப்யூட்டர்களுக்கு எண் கிடையாது. உட்காருகிறவர் பெயர்தான் அதற்கும்.

சாஃப்ட்வேரை ஓடவிட்டதுமே சேவல் கூவியது. பச்சை விளக்குகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு. "ஸ்டெல்லா: பதில் இல்லை."

சம்பளப் பிரிவு ஸ்டெல்லா அக்கா போன மாதம் இறந்துபோனார். அவர் கம்ப்யூட்டரை அதன்பிறகு யாரும் ஆன் செய்யவில்லை.

"ஏலே, அந்தச் சேவலைச் செத்த நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்கப்பா!" என்று கத்திக்கொண்டே மேனேஜர் வந்தார். திரையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பேர எடுத்துரு அப்பு."

எடுக்கப் போனேன். "ஸ்டெல்லாவை நீக்கவா?" என்று சாஃப்ட்வேர் கேட்டது.

"நீங்களே அமுக்குங்க சார்."

மவுஸைக் கையில் வாங்கியவர், கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுக் கீழே வைத்தார். "பொறவு பாத்துக்கலாம்."

சேவல் விடவில்லை.

இதற்கு வேறு வழி தெரிந்த நண்பர்கள் சொல்லலாம். இப்போதைக்கு அக்காவின் கம்ப்யூட்டரை ஆன் செய்து வைத்திருக்கிறோம்.

எல்லா விளக்கும் பச்சை.