மங்கம்மா வேண்டிக்கொண்ட வெயில்

கிள்ளையிலிருந்து கூடையோடு வந்து சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிற மங்கம்மாவின் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். விலையைக் குறைத்துக் கேட்டால் நம் பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசுவாள். ஆனாலும் நான் அவளிடம்தான் வாங்குவேன்.

அவள் மகன் கதிரவன் பட்டாளத்தில் இருக்கிறான். தரைப்படையோடு முன்னே போய், எங்கே குண்டு போட வேண்டும் என்று ரேடியோவில் விமானத்துக்குச் சொல்கிற வேலை. "எம் மவன் கூப்புட்டா ஃப்ளைட்டு வரும்" என்று அதை மங்கம்மா சுருக்கி வைத்திருந்தாள். "அப்ப ஒண்ணக் கூப்புடு, கருவாட்ட மெட்ராசுக்கு அனுப்பலாம்" என்று பக்கத்துக் கடை காசிநாதன் சீண்டுவார்.

போன லீவில் வந்தவன், இனி மூன்று படையும் ஒன்றாக இயங்கும், ஆளில்லா விமானமும் வரும் என்றெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கடல்காரி கேட்டது ஒரே கேள்வி.

"மேகம் மூடிக்கிட்டா?"

"செல நேரம் வர முடியாதும்மா. வர்ற வரைக்கும் நாங்க தாக்குப் புடிக்கணும்."

அது அவள் மனதைப் பிடித்துக்கொண்டது. எல்லையில் சண்டை மூண்டு, மகனின் போன் அடங்கியதிலிருந்து கிள்ளை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரியில் ஊரே மழைக்கு ஏங்க, இவள் போயும் போயும் மாரியம்மனிடம் வெயில் கேட்டாள். கிழக்கே கொஞ்சம் கறுத்தால் கூடையைத் தூக்க மாட்டாள்.

"அவன் இருக்கிறது எங்கியோ வடக்க. இந்த மேகம் அவன என்ன செய்யும்?" என்றேன் எரிச்சலாக.

"தெரியும் டீச்சர். எனக்குப் பாக்கக் கெடச்சது இதுதான?"

போன வாரம் எனக்குக் கொடுவா அறுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் கையெல்லாம் செதில். நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"அம்மா, நல்லாருக்கேன்."

"அங்க மேகமாடா?"

"இல்லம்மா. வெயிலு பளிச்சுன்னு இருந்துச்சு. கூப்புட்டேன். வேற எடத்துல எங்களவிட ஜாஸ்தி பேரு மாட்டிக்கிட்டாங்க. ஃப்ளைட்டு அங்க போயிருச்சு. நம்ம வூட்டுக்கு வந்து எறா தின்னானே, பெண்ணாடத்து அன்பரசு... அவன் போயிட்டாம்மா."

லைன் கட்டாகிவிட்டது. காசிநாதன் விமானக்காரனைத் திட்ட ஆரம்பித்தார்.

"திட்டாத மாமா. அது போன எடத்துலயும் யாரோ பெத்த புள்ளைங்கதான?" என்றாள் மங்கம்மா. அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கும் எம் மவன் கூப்புடுவான் டீச்சர். ஃப்ளைட்டு இவங்கிட்டதான் வரணும்னா, இன்னொருத்தி புள்ளைகிட்ட போவக் கூடாதுன்னு ஆயிருதே. நான் என்னன்னு வேண்டிக்கறது?"

பாடம் சொல்லியே வயிறு வளர்க்கிறவள் நான். அரிவாள்மணையை என் பக்கம் இழுத்து, மீதிக் கொடுவாவை அறுக்க உட்கார்ந்தேன்.