கோப்பிக் கடையின் மத்தியானச் சாப்பாடு

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் வந்துபோகும் பஸ் காசிலேயே பாதிச் சம்பளம் கரைந்துவிடும் என்று தெரிந்தும், கோப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். "சம்பளம் குறைவுதான் தம்பி, ஆனால் மத்தியானச் சாப்பாடு எங்கடை" என்று முதலாளி சொன்னதும் சோறும் மீன்குழம்பும் கண்ணில் தெரிந்தன.

முதல் நாள் மத்தியானம், ஆட்கள் மேசைகளில் மிச்சம் விட்ட கேக்கும் கடித்த பணிசும் ஒரு தட்டத்தில் குசினிக்கு வந்தன. நான் பெரிய பொறுப்பானவன் அல்லவா, தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.

"எங்கை கொண்டுபோறாய்?" என்றார் கூட வேலை செய்யும் ஜெசிந்தா அக்கா.

"நாய்க்குப் போட, அக்கா."

"வை கீழை. உதுதான் எங்கடை சாப்பாடு."

பணிசில் யாரோ ஒருத்தியின் உதட்டுச் சாயம் அப்படியே இருந்தது. அம்மா வாய் வைத்த தேத்தண்ணியையே குடிக்காதவன் நான். அக்கா சாயம் பட்ட பக்கத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்றார்.

நேரே முதலாளியிடம் போனேன்.

"அண்ணை, உதைத் திண்டுகொண்டு உந்தச் சம்பளத்திலை மனிசர் எப்பிடிச் சீவிக்கிறது?"

அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வீட்டிலை சாப்பிட்டிட்டு வாரும்."