சுண்ணாம்பு அடித்த மதில்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் தேர்தல் வருவதற்கு முன்பே மதில்கள் கட்சிகளுக்குப் போய்விடும். எந்தக் கட்சி முதலில் சுண்ணாம்பு அடித்து 'புக்டு', அதாவது பிடித்தாயிற்று, என்று எழுதுகிறதோ, மதில் அதற்குத்தான். எனக்குப் பத்து வயதானபோது சித்தி இந்த வழக்கத்தை எங்கள் சந்துக்குள் கொண்டுவந்தாள்.

சந்தின் கோடியில் குடியிருப்போர் சங்கத்தின் காலி மனை இருந்தது. எங்களுக்கு இருந்த ஒரே கிரிக்கெட் மைதானம் அது. சித்தியின் மகள்தான் எங்கள் வேகப்பந்து வீச்சாளர். மனையின் பின்மதிலை இடித்து, பஜார் சாலையிலிருந்து மனை நடுவே வண்டி வர வழி போட வேண்டும் என்றார் பெரியப்பா. ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு.

பெரியப்பா வீடு வீடாகப் போய் ஒன்றையே சொன்னார்: "சந்துக்குள்ள ஆட்டோவே திரும்பாது. திடீர்னு ஒருத்தருக்கு நெஞ்சுவலின்னா ஆம்புலன்ஸ் எப்படி வரும்?"

சித்தி சிரித்தாள். "உங்க பெரியப்பா பயங்காட்டி ஓட்டுப் பிடிக்கறார். நாம சந்தே நம்ம பக்கம்னு காட்டுவோம்."

சனிக்கிழமை மதியம், பெரியவர்கள் உறங்கும் நேரத்தில், ஆறு பிள்ளைகள் சுண்ணாம்பு வாளியோடு இறங்கினோம். பதினெட்டு மதில்களில் வெள்ளைப் பட்டை, அதன்மேல் நீலத்தில் 'புக்டு: மைதானம்'. யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. பெரியப்பாவின் மதிலை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருந்தாள் சித்தி. "வெறுமே நிக்கட்டும். அப்பத்தான் அவர் தனின்னு தெரியும்."

சாயா நேரத்துக்கு எழுந்த எதிர்வீட்டுக்காரர் தன் மதிலைப் பார்த்துக் கோபமாக வெளியே வந்தார். பிறகு சந்து முழுவதையும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"எல்லாரும் கொடுத்தாச்சோ? பின்னே எனக்கு மட்டும் என்ன."

கூட்டத்தில் மைதானத்துக்காக முதல் கை தயங்கித்தான் எழுந்தது. மற்றவை பக்கத்துக் கையைப் பார்த்து எழுந்தன. வழி வேண்டும் என்று தூக்கியவை இரண்டே: பெரியப்பாவுடையதும் பெரியம்மாவுடையதும்.

மட்டையால் வாளியைத் தட்டிக்கொண்டு சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று முறை ஓடினோம். சித்தி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டோம். அப்படியொரு வெற்றி எங்கள் அணிக்கு ஆட்டத்தில்கூட வாய்த்ததில்லை.

கூட்டம் முடிந்து நடந்துவந்த பெரியப்பா, வீட்டுக்குள் போகாமல் தன் வெறும் மதிலில் சாய்ந்து நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. ஆம்புலன்ஸ் யாருக்கென்று அந்த வாரம் முழுவதும் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஜெயிச்சாச்சில்லே, நல்லா விளையாடுங்க பிள்ளைகளா," என்றார். வலது கையை நெஞ்சில் அழுத்தி வைத்திருந்தார்.

தோற்றவர் எங்களுக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். வாளியை இன்னும் பலமாகத் தட்டினேன்.