பண்டகசாலைச் சுவரின் உப்பு

போன ஞாயிற்றுக்கிழமை நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள பேக்கரியில் நான் சுவரைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தேன். அதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அம்மாவிடமும் கேட்டீர்களாம். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த பேக்கரியும், பக்கத்திலுள்ள தையல் கடையும், மருந்துக் கடையும், மேலே துணி காயும் ஆறு வீடுகளும் முன்பு ஒரே கட்டிடம். பழைய பண்டகசாலை. அம்பூரி மலையிலிருந்து வந்த மிளகும், கோட்டுகால் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த கருவாடும் உப்பும் அங்கேதான் அடுக்கி வைத்திருப்பார்களாம். நான் கொத்தனார் வேலைக்குப் போனபோது வௌவால் மட்டுமே குடியிருந்தது. வெட்டுக்கல் சுவர் இரண்டு முழ அகலம். முதலாளிக்கு அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத்தான் ஆசை.

வேண்டாம் என்று நின்றவர் எங்கள் எஞ்சினீயர். என்னைவிடப் பத்து வயது குறைந்த பெண். சுவரில் பாரம் ஏற்றாமல் உள்ளே இரும்புத் தூண் நட்டு மாடி எடுக்கலாம், பழைய ஓடுகளையும் உத்திரத்தையும் மறுபடி மேலே ஏற்றலாம் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். படம் வரைந்து வீடு கட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிற்கிற சுவரிடம் கேட்டுக் கேட்டு வரைந்தவர் இவர் ஒருவர்தான்.

முதல் நாள் அவர் கிழக்குச் சுவரைத் தடவி விரலை நாக்கில் வைத்தார். எனக்குச் சாந்து குழைத்துத் தரும் அக்கா என் காதில், "எலே மக்கா, அந்தப் பிள்ளைக்கு வீட்டுல கஞ்சி கிடைக்கல்லியா? சுவத்த நக்குது!" என்றாள்.

எஞ்சினீயர் காதிலும் விழுந்துவிட்டது. சிரித்தார்.

"உப்பு உண்டு அக்கா. இது உப்பு வச்ச அறையாக்கும். மத்த மூணு சுவத்த விட இதுலதான் கூடுதல். சுண்ணாம்பும் மணலும் மட்டும் பூசுங்க. சிமெண்ட் ஒரு பொடி சேக்கண்டாம்."

முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். ஜூனில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்குப் பூச்சு தாங்கினால் பழைய சுவர் நிற்கட்டும். தாங்காவிட்டால் நாலு சுவரையும் இடித்துக் காங்கிரீட் போடவேண்டும். எஞ்சினீயர் சரி என்று சொல்லிவிட்டார்.

மூன்று சுவரை அவர் சொன்னபடியே பூசினேன். கிழக்குச் சுவருக்கு வந்தபோது எனக்குப் பயம். இதுதானே மோசமான சுவர்? இது விழுந்தால் எல்லாம் போச்சே. எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, சுண்ணாம்பில் உறுதிக்குக் கொஞ்சம் சிமெண்ட் சேர்ப்போம். எட்டுச் சட்டிக்கு ஒரு சட்டி போட்டேன்.

"மேடம் வேண்டாம்னு சொன்னதுல்லா?" என்றாள் அக்கா.

"உறுதிக்காக்கும். நீ சும்மா குழை."

மழை பிடித்து இரண்டாவது வாரம், கிழக்குச் சுவர் பப்படம்போல வீங்கியது. தட்டினால் டொக் டொக் என்றது. பிறகு ஒரு பாளம் அப்படியே விழுந்தது, வெட்டுக்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு.

முதலாளி குடையோடு வந்து நின்றார். "நான் அண்ணைக்கே சொன்னேன்லா? திங்கக்கிழமை ஜேசிபி வரும்."

எஞ்சினீயர் விழுந்த பாளத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்க கணக்குதான் எங்கயோ தப்பிப்போச்சு," என்று மெதுவாகச் சொன்னார்.

சொல்லாமல் இருந்திருந்தால் என்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெண் தன் கணக்கைச் சந்தேகப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், ஒங்களுக்க கணக்கு இல்ல. நான் சிமெண்ட் போட்டேன்."

முதலாளி என்னைப் பேசியதை இங்கே எழுதவில்லை. எஞ்சினீயர் திட்டவில்லை. "எந்தச் சுவத்துல எல்லாம்?" என்று மட்டும் கேட்டார்.

"இதுல மட்டும். இதுதானே மோசம்னு சொன்னிய."

அவர் முகம் மாறியது. பாளத்தைக் கீழே போட்டுவிட்டு முதலாளியை மற்ற மூன்று சுவர்களுக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொன்றையும் தட்டச் சொன்னார். எங்கேயும் வீக்கமில்லை.

"அதே மழைதானே முதலாளி? சிமெண்ட் இல்லாத மூணும் நிக்குது. உப்புக்கும் ஈரத்துக்கும் வெளியே வர வழி வேணும். சுண்ணாம்பு வழிவிடும், சிமெண்ட் அடச்சுப்போடும். அண்ணன் நமக்குச் சோதிச்சே காட்டிட்டாரு."

என் தப்பையே எடுத்து அந்தச் சுவருக்குச் சாட்சியாக்கிவிட்டார். முதலாளி சுவரைத் தட்டினார், என்னைப் பார்த்தார், மறுபடி தட்டினார். "துலா மழை வரைக்கும் பாப்போம்," என்று ஐப்பசிக்குத் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு கிழக்குச் சுவரில் மிச்சமிருந்த சிமெண்ட் பூச்சை நான் செதுக்கி எடுத்தேன். வெறும் சுண்ணாம்பு பூசினோம். அது உப்பை உறிஞ்சி வெளுத்ததும் சுரண்டி எறிந்தோம். மறுபடி பூசினோம், மறுபடி சுரண்டினோம். தினமும் காலையில் எல்லோரும் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்போம். அக்காதான் தீர்ப்பு சொல்லுவாள்: "இண்ணைக்கு மீன் கறிக்குக் காணும்." இன்னொரு நாள்: "இனி பத்தியக்காரனுக்கும் ஆவும்."

மூன்றாவது பூச்சு துலா மழைக்கும் விழவில்லை. அந்தச் சுவரில்தான் இப்போது கேக் அலமாரி சாய்ந்து நிற்கிறது.

வேலை முடிந்து போகும்போது எஞ்சினீயர், "வருஷத்துக்கு ஒருக்கா மழை தீந்த பிறகு அந்தச் சுவத்த ஒண்ணு பாத்துச் சொல்லுங்க அண்ணா," என்றார். அதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை செய்தேன். சாயங்காலம் ஃபோனில், "உப்பு லேசா உண்டு மேடம், பூச்சு அனங்கல்ல, அப்படியே நிக்குது," என்று சொன்னேன். அடுத்த வருஷம் வேண்டுமானால் நீங்களும் தொட்டுப் பாருங்கள். கையைக் கழுவிவிட்டு.