வாங்கில் இருக்கப் பழகிய வருடம்

நிமிர்ந்து இருப்பதும் ஒரு வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் சேரும் வயதுவரை எனக்கு அது ஒன்றுதான் வேலை. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் என் தசைகள் சொல்வழி கேளாதவையாகிவிட்டன. இருத்திவிட்டால் சற்று நேரத்தில் ஒரு பக்கம் சரிவேன். உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடத்தின் அதிபர் நல்ல மனிதர். வகுப்பு வாங்கில், அந்த நீள மர இருக்கையில், தனியே இருக்கப் பழகினால் முதலாம் வகுப்பில் சேர்க்கலாம், விழுந்து காயப்பட்டால் தன்னால் பதில் சொல்ல முடியாது என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கினோம். அங்கே பயிற்சி தரும் மிஸ் என்னைப் பெரிய காற்றுப் பந்தில் இருத்தி மெல்ல உருட்டுவார். வீட்டில் பந்து இல்லை, அம்மாதான் பந்து. நிலத்தில் காலை நீட்டி இருந்து, என்னைத் தன் தொடைகளில் இருத்தி, ஒரு முழங்காலை உயர்த்துவார். நான் சரியாமல் நிமிர வேண்டும். பிறகு மற்ற முழங்கால். தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து வெங்காயம் கிண்டிவிட்டு வந்த நாட்களிலும் இது நடந்தது. எனக்கு அது குதிரை விளையாட்டு. போதாது, இன்னும் என்பேன். அம்மா சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடியபடி முழங்காலை உயர்த்துவார்.

மிஸ் அம்மாவிடம் குறை சொன்னது ஒன்றுக்காகத்தான். “விழப்போகேக்கை உடனை பிடிக்காதேங்கோ. பிள்ளையின்ரை கை தானா வந்து ஊண்ட வேணும்.” அம்மா ஓம் என்பார். ஆனாலும் அவர் கை முந்திவிடும்.

ஒருநாள் காலை அதிபருக்கு முன்னால் என்னை வகுப்பறை வாங்கில் இருத்தினார்கள். அதற்குச் சாய்வு இல்லை. கால் எட்டாததால் அப்பா ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அதிபர் குனிந்து என் பெயரைக் கேட்டார். நான் பேசுவதென்றால் முழு உடம்பும் சேர்ந்துதான் பேசும். அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்ததும் சரியத் தொடங்கினேன். அம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். இரண்டு கைகளாலும் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கைகள் வரவில்லை. என் கைதான் எங்கிருந்தோ வந்து வாங்கில் ஊன்றியது. அரைவாசி சரிந்தபடியே பெயரைச் சொன்னேன்.

அதிபர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். “திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ. கரையிலை விடாமல் நடுவிலை இருத்துவம்,” என்றார்.

எனக்கோ அம்மாவில் பொல்லாத கோபம். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டு அழுதேன். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டார். “சரி, வா பிள்ளை. பஸ் வந்திடும்,” என்று மட்டும் சொன்னார். அன்று கிளினிக் நாள்.

பஸ்ஸில் என்னை யன்னல் ஓரம் இருத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தார். வல்லை வெளிக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியபோது அவருடைய தலை என் தோளில் விழுந்தது. பிறகு முழுப் பாரமும் வந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் அந்தப் பாரம் என்னை யன்னலோடு நெருக்கியது. நான் முன் சீற்றுக் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்திருந்தேன். அம்மாவின் மூச்சு என் கழுத்தில் சீராகப் பட்டுக்கொண்டிருந்தது, கண்ணை மட்டும் அவர் திறக்கவே இல்லை. யாழ்ப்பாணம் வரும்வரை சரியாமல் இருந்தால் மெச்சுவார் என்று நினைத்தேன். மிஸ் சொல்லிக்கொடுத்த புதுப் பயிற்சி அது என்றே நம்பியிருந்தேன்.