பெட்டி மேல் உட்கார்ந்த அப்பா

போன திங்கட்கிழமை தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியபோதே, முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவர் போல வைத்துக்கொண்டிருந்தார்.

“வருந்துகிறோம்னு போட்ருக்காங்க சார். மனசத் தளர விட்றாதீங்க.”

வந்தது கார்டு. கவரில் வந்தால் வீட்டுக்கு மட்டும் தெரியும். கார்டில் வந்தால் புதுக்கோட்டை பூராவும் படித்துவிட்டுத்தான் நம் கைக்கு வரும்.

யார் வருந்துகிறார்கள்? மெட்ராஸில் ஒரு பெரிய பெண்கள் காலேஜ். எதற்கு? என் மகள் அமலிக்கு பி.யூ.சி.யில் இடம் கொடுக்க முடியாததற்கு.

இதில் என் பங்கும் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த மறுநாளே, ‘அமலிக்கு மெட்ராஸில்தான் படிப்பு’ என்று இதே பத்தியில் எழுதித் தொலைத்தேன். அன்றைக்குத்தான் அப்ளிகேஷனையே தபாலில் போட்டிருந்தோம்! நீங்களும் வாழ்த்திக் கடிதம் எழுதினீர்கள். மன்னித்துவிடுங்கள்.

அதோடு நின்றேனா? நம்மூரில் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகிறதென்றால் முதல் வேலை என்ன? இரும்பு ட்ரங்குப் பெட்டி வாங்கிப் பேர் எழுதுவது. கடை போர்டு எழுதும் சுப்பையாவைக் கூப்பிட்டேன். பச்சைப் பெட்டியின் முன்பக்கம் முழுக்க வெள்ளை பெயிண்ட்... செல்வி அ. அமலி, பி.யூ.சி., அடுத்து காலேஜ் பேர், கடைசியில் கொட்டை எழுத்தில் ‘மெட்ராஸ்’.

“சீட்டு கெடச்சிருச்சுங்களா?” என்று கேட்டார் சுப்பையா.

“கெடச்ச மாதிரிதான்” என்றேன்.

இப்போது அந்தப் பெட்டி கூடத்தின் நடுவில். வருகிறவன் போகிறவன் எல்லாம் படிப்பானே? மேலே உட்கார்ந்துகொண்டேன். வேட்டியை இழுத்து விட்டால் எழுத்து மறைந்துவிடும். இரண்டு நாள் சாப்பாடு, பேப்பர், வெற்றிலை எல்லாமே பெட்டி மேல்தான்.

“ஆவூர் வரைக்கும் போய் மாதாகிட்ட வேண்டிக்கிட்டியே, என்னாச்சு?” என்று மனைவி பிலோமி மீது பாய்ந்தேன்.

“புள்ள நல்லாப் படிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். மெட்ராஸ்னு வெலாசமெல்லாம் சொல்லலையே.”

புதன்கிழமை அரிமளத்திலிருந்து சகலை வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் சேதி கிடைத்திருக்கிறது. பையிலிருந்து ஒரு போட்டோ வெளியே வந்தது. பையன் காரைக்குடியில் பாங்க் கிளார்க்.

“விடுங்க சகலை. இனிமே என்ன படிப்பு? பையன் தங்கமானவன். தையிலயே முடிச்சிருவோம்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — தலையாட்டப் போனேன். கல்யாணம் என்றால் காலேஜைப் பற்றி ஒரு பயல் கேட்க மாட்டான், பாருங்கள்! மகளின் நல்லதுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்; காப்பாற்றப் பார்த்தது என் மானத்தை.

அப்போதுதான் அமலி உள்ளேயிருந்து வந்தாள்.

“அப்பா, கொஞ்சம் எந்திரிங்க.”

“எதுக்கு?”

“எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கு புக்கு பெட்டிக்குள்ள இருக்கு. நாளைக்குத் திருச்சி காலேஜ்ல இன்டர்வியூ.”

எந்தத் திருச்சி? என்ன இன்டர்வியூ? ஒரே அப்ளிகேஷன் போதும் என்று நான் மார்தட்டிய அதே வாரம், இவள் திருச்சிக்கும் மதுரைக்கும் போட்டிருக்கிறாள். திருச்சி பதில் கவரில் வந்ததால் தபால்காரருக்கே தெரியவில்லை!

“பாரத்துல கையெழுத்து யாரு போட்டது?”

“நான்தான்” என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

அமலி நகரவில்லை. “எனக்கும் அழுகையாத்தாம்ப்பா வந்துச்சு. ராத்திரி பூரா அழுதேன். அதுக்காக நாளைக்குப் போகாம இருக்க முடியுமா? கூட அப்பா வரணும்னு போட்ருக்காங்க. வாரீங்களா?”

சகலை போட்டோவும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்தால் மானம் போகும். உட்கார்ந்திருந்தால் அவள் படிப்பு போகும்.

எழுந்தேன்.

சகலை ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். “மெட்ராஸா...” என்று இழுத்தார். அமலி பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. போட்டோ மறுபடியும் பைக்குள் போயிற்று.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் திருச்சி போனோம். அதுவும் லேசுப்பட்ட காலேஜ் இல்லை. நூறு அப்பாக்கள் வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். லிஸ்ட் பிறகு போடுவார்களாம். நான் தபால்காரர் வருகிறாரா என்று வாசலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளோ மதுரை இன்டர்வியூவுக்கு இப்போதே பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகள் ஒரு ராத்திரி அழுதுவிட்டு அடுத்த வாசலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நாம்தான் பெட்டி மேல் உட்கார்ந்துவிடுகிறோம். உள்ளே இருப்பது அவர்களுடைய சாமான் என்கிற நினைப்பு நமக்கு எங்கே வருகிறது?

நேற்று சுப்பையா வந்து பழைய எழுத்தின் மேல் பச்சை அடித்தார்.

“இந்தத் தடவ எந்தக் காலேஜ்ங்க?”

“திருச்...” என்று வாயெடுத்தேன்.

“பேர மட்டும் எழுதுங்கண்ணே” என்றாள் அமலி. “கீழ எடம் விட்ருங்க.”

பெட்டியில் இப்போது அவள் பேர் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சாண் வெறும் பச்சை, எல்லோரும் பார்க்கும்படி.

நான் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.